பள்ளிக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது: புதிய வளர்ப்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அந்த இரண்டு கட்டங்கள் இருக்கும்: தாயின் பெயர், தந்தையின் பெயர். உங்கள் பேனா அங்கே என்ன எழுதப் போகிறது என்று பக்கத்தில் நிற்கும் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து "நீங்க யாரு, அம்மாவா?" என்று சத்தமாக ஒரு கேள்வி வரும். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் அது கேட்கும். முதல் தடவை அந்தக் கேள்விக்கு நான் திணறிப்போய், மூன்றே நிமிடத்தில் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். திரும்பும் வழியில் சிறுவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் கேட்டான்: "இனிமே அங்க எல்லாருக்கும் தெரியுமா?"

பெற்றோரோடு இருக்க முடியாத குழந்தையைப் பொதுவாகத் தற்காலிகமாகத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவர்களுக்காக, அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழந்தையின் கதை குழந்தைக்குச் சொந்தம். பள்ளிக்குத் தேவைப்படுவது வேறு: இந்தக் குழந்தை வகுப்பில் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பேசப் பழகிவிட்டால் பள்ளியோடு பேசுவது பாதி சுலபமாகிவிடும்.

படிவத்தைத் தொடுவதற்கு முன்

பள்ளிக்குப் போவதற்கு முன்பே, குழந்தையின் விவகாரத்தைக் கவனிக்கும் சமூகப் பணியாளரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கும் மருத்துவத்துக்கும் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு? மாலையில் யார் வந்து அழைத்துப் போகலாம்? யார் வந்தால் அனுப்பக் கூடாது? பள்ளியிடம் நீங்கள் எதுவரை சொல்லலாம்? வளர்ப்புப் பெற்றோருக்கு எல்லா இடத்திலும் சட்டப்படியான பாதுகாவலர் உரிமை கிடைப்பதில்லை. இது தெரியாமல் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னால் சுற்றுலாப் பேருந்து புறப்படும் நேரத்தில் குழந்தை மட்டும் கீழே இறக்கிவிடப்படும் நிலை வரலாம்.

அலுவலகத்துக்கு முதல் தடவை குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் போய்ப் படிவத்தை முடித்துவிடுங்கள். பெற்றோர் கட்டங்களில் என்ன எழுதுவது என்று சமூகப் பணியாளர் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'வளர்ப்புப் பராமரிப்பாளர்' என்று போடுங்கள். குழந்தை அடுத்த தடவை வரும்போது பள்ளியைச் சுற்றிப் பார்க்க மட்டும் வரட்டும்.

முந்தைய பள்ளியின் சான்றிதழ்கள் பெரும்பாலும் கையில் இருக்காது. குழந்தை ஒரு பையோடு, சில சமயம் அதுவும் இல்லாமல் வந்திருக்கும். அதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட விடாதீர்கள். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. அமெரிக்காவில் 2015இல் வந்த கல்விச் சட்டமும், ஆவணங்கள் இல்லாவிட்டாலும் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள மாணவரை உடனே சேர்க்கச் சொல்கிறது. அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை, அது ஏற்கெனவே படித்த பள்ளியிலேயே தொடரட்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் இதை முதலில் கேட்டுப் பாருங்கள். வீடு மாறிவிட்டது, தெரு மாறிவிட்டது. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழியாவது மாறாமல் இருக்கலாமே. பயணத்துக்கு அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

'வளர்ப்பு' என்ற சொல்லை முதலில் தெளிவாக்குங்கள்

தமிழில் 'வளர்ப்புப் பிள்ளை' என்றாலே தத்துப் பிள்ளை என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் அநாதை என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆசிரியர்களும் இதற்கு விலக்கில்லை. எனவே தலைமையாசிரியரிடம் முதல் ஐந்து நிமிடத்தில் வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள். தத்து என்பது நிரந்தரம்; பிள்ளை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பு பொதுவாகத் தற்காலிகம். பெற்ற தாய் தகப்பன் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார்கள். குழந்தை அவர்களை அவ்வப்போது சந்திக்கலாம், ஒருநாள் அவர்களிடமே திரும்பிப் போகலாம், வேறொரு வளர்ப்பு வீட்டுக்கும் மாறலாம்.

இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். இறந்துபோனவருக்காக அழலாம், ஊரும் கூட நின்று அழும். உயிரோடு இருந்தும் பக்கத்தில் இல்லாத தாய்க்காக எப்படி அழுவது? பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு 'தெளிவில்லாத இழப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். முடிவு தெரியாததால் அந்தத் துக்கம் ஆறவும் ஆறாது, வெளியே சொல்லவும் முடியாது. இந்த ஒரு கருத்தை மட்டும் சொன்னபோது, அதுவரை "இவ ஏன் எப்பவும் ஜன்னலையே பாத்துட்டு இருக்கா" என்று சலித்துக்கொண்ட ஓர் ஆசிரியை அப்படியே அமைதியானதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் ஒரே ஓர் ஆளைக் கேளுங்கள்

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில், அரசுப் பராமரிப்பில் உள்ள மாணவர்களுக்கென்று பொறுப்பாசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் தேடிப் போங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: குழந்தைக்கு நெஞ்சு முட்டும்போது யாரிடம் போகலாம், எங்கே போய் உட்காரலாம், காரணம் சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியே வர என்ன அடையாளம் காட்டலாம்.

அந்த ஆள் வகுப்பாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நூலகர், விளையாட்டு ஆசிரியர், ஏன் வாயிற்காவலராகக்கூட இருக்கலாம். முதல் இரண்டு வாரம் குழந்தை யார் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர்தான்.

ஒரு பக்கத் தாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். ஆசிரியர்களுக்குக் கொடுக்க, குழந்தையைப் பற்றி ஒரே ஒரு பக்கம். குழந்தையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. 16ஆம் பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கிறது. இந்த இரண்டும் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தத் தாளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எழுதும்போது ஒவ்வொரு வரியையும் கதையிலிருந்து தேவைக்கு மாற்றுங்கள். 'அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார்' என்பது கதை. 'பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். யாராவது உரக்கக் கத்தினால் இவன் அப்படியே உறைந்துபோவான், அப்போது கேள்வி கேட்காமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள்' என்பது தேவை. 'பல நாள் பட்டினி கிடந்திருக்கிறாள்' என்பது கதை. 'மதிய உணவு தாமதமாகுமென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். பையில் தின்பண்டம் ஒளித்து வைத்திருந்தால் எல்லார் முன்னாலும் எடுக்காதீர்கள்' என்பது தேவை. இரண்டாவது வாக்கியங்களைப் படித்த ஆசிரியருக்கு நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முதல் வாக்கியங்களைப் படித்தவருக்கு மனம் கனக்கும், அவ்வளவுதான். கூடவே ஆசிரியர் அறையில் பேச ஒரு விஷயமும் கிடைத்துவிடும்.

தாளில் இவையும் இருக்கட்டும்: எந்தப் பெயரில் கூப்பிட்டால் பிடிக்கும், உங்களை என்ன உறவு சொல்லிக் குறிப்பிட வேண்டும் ('உங்க அம்மா வந்திருக்காங்க' என்று சொன்னால் சில பிள்ளைகளுக்குச் சந்தோஷம், சிலருக்குப் பெற்றவளுக்குத் துரோகம் செய்ததுபோல் ஆகிவிடும்), எது பயம், எது அமைதி தரும், வீட்டில் பேசும் மொழி, வழிபாடு, எதில் கெட்டி. கடைசியாகச் சொன்னதைக் கடைசியில் எழுதாதீர்கள், முதல் வரியாக எழுதுங்கள். 'வரைவதில் கெட்டிக்காரி, புதிர் கொடுத்தால் விடமாட்டாள்' என்று ஆரம்பிக்கும் தாளை ஆசிரியர் வேறு கண்ணோடு படிப்பார். உடன்பிறந்தவர்கள் அதே பள்ளியில் இருந்தால் அதையும் எழுதுங்கள். 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் உடன்பிறப்புகளைப் பிரிக்காமல் இருப்பதையே விதியாகச் சொல்கின்றன. ஆனாலும் பிரிந்து வெவ்வேறு வீடுகளில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இடைவேளையின் பத்து நிமிடம்தான் குடும்பம்.

யார் யார் இந்தத் தாளைப் படிப்பார்கள் என்று குழந்தைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுங்கள். ஒரே விதிவிலக்கு, பாதுகாப்பு. யார் வந்தால் அனுப்பக் கூடாது என்பது தாளில் இருக்காது. தலைமையாசிரியரிடம் தனி உறையில் இருக்கும், நுழைவாயிலில் நிற்பவருக்கும் தெரிந்திருக்கும்.

நடத்தையை எப்படி விளக்குவது

ஒரு மாதத்துக்குள் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். பொய் சொல்கிறான், தூங்குகிறாள், எழுதிய தாளைக் கிழித்துப் போடுகிறான், யாரோ தள்ளியதற்குப் பாய்ந்து அடித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேச ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் "எந்த நேரத்தில், அதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பல சமயம் ஒரு ஒழுங்கு தெரியும்: பெற்றோரைச் சந்தித்து வந்த மறுநாள், நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரம், பழக்கமான ஆசிரியருக்குப் பதில் வேறொருவர் வந்த நாள்.

ஆபத்தோடு வாழ்ந்த குழந்தையின் உடம்பு, ஆபத்து போன பிறகும் காவலைக் கைவிடுவதில்லை. கதவு சாத்தும் சத்தம், ஆசிரியரின் முகக்குறி, பின்பெஞ்சின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் அது அளந்துகொண்டே இருக்கும். அந்தக் காவலுக்கே கவனம் செலவாகிவிட்டால் பலகையில் இருக்கும் கணக்குக்கு என்ன மிஞ்சும்? பொய்யும் அப்படித்தான். உண்மை சொன்னதற்கு அடி வாங்கிய வீட்டில் பொய்தான் கேடயம். உளவியல் ஆய்வாளர்களான ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வர்த்தும் வளர்த்தெடுத்த பற்றுறவுக் கோட்பாட்டின் சாரத்தை ஆசிரியர்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம்: பெரியவர்களை நம்பலாமா என்பதை ஒரு குழந்தை தன்னை வளர்த்தவர்களிடமிருந்தே கற்கிறது. அதை மாற்றிக் கற்பிக்க நாள் பிடிக்கும், ஆனால் கற்பிக்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட குழந்தைப் பருவப் பாதக அனுபவங்கள் பற்றிய ஆய்வைப் பள்ளிகளில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அடி, வீட்டு வன்முறை போன்ற கெட்ட அனுபவங்களில் ஒருவருக்குச் சின்ன வயதில் எத்தனை வகை நேர்ந்தன என்று எண்ணி அது ஒரு மதிப்பெண் ஆக்கியது. அதை வைத்துக்கொண்டு "இவனுக்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பவரும் உண்டு. கொடுக்காதீர்கள். அந்த எண் மக்கள் கூட்டத்தைப் படிக்க உருவானது. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லாது. ஆண்டாவே 2020இல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

தண்டனை பற்றிக் கட்டாயம் பேசுங்கள். 'வெளியே போய் நில்' என்பது மற்றப் பிள்ளைக்குச் சின்ன அவமானம். ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அது மறுபடியும் அனுப்பப்படுவது. இடைநீக்கம் இன்னும் மோசம். தவறைக் கண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கும் எல்லை வேண்டும். தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தனியாக, தாழ்ந்த குரலில் கண்டிக்கட்டும். செய்த சேதத்தைச் சரிசெய்ய ஒரு வேலை கொடுக்கட்டும். மறுநாள் காலை வணக்கம் சொல்லும்போது நேற்றைய பேச்சை எடுக்காமல் இருக்கட்டும். இந்தக் கடைசி வேண்டுகோள்தான் ஆசிரியர்களுக்குக் கடினம், அதைத்தான் நான் விடாமல் கேட்பேன்.

பாடத்தில் ஒளிந்திருக்கும் முட்கள்

வருடத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். குடும்ப மரம். 'நான் பிறந்தபோது' படம் ஒட்டும் வேலை. அன்னையர் தின வாழ்த்து அட்டை. விடுமுறையில் என்ன செய்தேன் என்ற கட்டுரை. உயிரியலில் அப்பா அம்மாவின் கண் நிறத்தையும் ரத்த வகையையும் கேட்டு எழுதி வரச் சொல்லும் பாடம். கையில் ஒரு குழந்தைப் பருவப் படம்கூட இல்லாத பிள்ளைக்கு 'உன் சின்ன வயசு போட்டோ கொண்டு வா' என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று, சொன்னால் ஒழிய யாருக்கும் தோன்றாது.

பல பள்ளிகள் நல்லெண்ணத்தோடு "அவளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துடறோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாரும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது இன்னும் பெரிய விளம்பரம். வகுப்பு முழுவதுக்குமே வேலையை மாற்றலாம். மரத்துக்குப் பதில் 'எனக்கு வேண்டியவர்கள்' என்று வட்டங்கள் வரையலாம். நடுவில் நான், சுற்றிலும் யாரை வேண்டுமானாலும் போடலாம். பிறந்த படத்துக்குப் பதில், 'போன வருஷம் தெரியாது, இப்போ தெரியும்' என்று ஒன்றை வரையலாம். அட்டையை 'என்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு' என்று எழுதலாம். கண் நிறத்துக்கு ஆசிரியரே ஒரு கற்பனைக் குடும்பத்தின் விவரங்களைத் தரலாம். பாரம்பரியப் பாடம் அதில் ஒன்றும் குறையாது. பெற்றவரை இழந்த பிள்ளைகளுக்கும், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கும், பெற்றோர் பிரிந்த பிள்ளைகளுக்கும் இதே மாற்றம் உதவும். இதைச் சொன்னால் பள்ளிகள் சீக்கிரம் ஒத்துக்கொள்கின்றன.

'பாவம்' என்ற சொல்

ஒரு பிள்ளையை மெதுவாகக் கீழே இழுக்கும் சொல் இது. "பாவம், அவன் எழுதாட்டி பரவால்ல." "பாவம், இவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம்." அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் வருடக் கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் பின்னங்களும் வராது, எழுத்துப்பிழையும் போகாது. பள்ளி மாறி மாறி வந்தவர்களுக்கு அறிவில் குறைவில்லை, பாடத்தில் ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு பள்ளியில் இன்னும் நடத்தாத பாடத்தை அடுத்த பள்ளியில் ஏற்கெனவே முடித்திருப்பார்கள். எனவே சேர்ந்த முதல் மாதத்திலேயே எந்தெந்தப் பாடம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை எப்போது, யார் சொல்லித் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் இதைத் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒவ்வொரு பருவத்திலும் உட்கார்ந்து திருத்துகிறார்கள். முறையான திட்டம் இல்லாத இடத்தில் ஒரு நோட்டுப் பக்கமே போதும்.

கூட்டங்களை அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பாடவேளையில் வைக்காதீர்கள். வகுப்புக்கு நடுவில் யாராவது வந்து பெயர் சொல்லி அழைத்துப் போவதும் வேண்டாம்.

கேட்கும் வாய்களுக்கு ஒரு பதில்

"உங்க அம்மா ஏன் வர்றதில்ல?" இதை யாராவது நிச்சயம் கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். சின்னதாக, உண்மையாக, மேலே பேச இடம் கொடுக்காததாக: "இப்போ நான் இவங்க வீட்டுல இருக்கேன். வா, விளையாடலாம்." ஆசிரியருக்கும் ஒரு வரி கொடுங்கள்: "அது அவ சொந்த விஷயம், பாடத்தைப் பாப்போம்." பதில் தயாராக இருக்கிறது என்ற தைரியமே பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

படங்களைப் பற்றி எழுத்தில் கொடுங்கள். ஆண்டுவிழாப் படம் பள்ளியின் முகநூல் பக்கத்திலோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலோ போனால், குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரியக் கூடாதவருக்கும் தெரிந்துவிடும். இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் போன்ற அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆனால் குழந்தையை நாடகத்திலிருந்தே எடுத்துவிடுவது தீர்வாகாது. மேடையில் ஆடட்டும்; பொதுவில் போகும் படத்தில் மட்டும் இல்லாமல் இருக்கட்டும்.

ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரம்

முதல் பருவம் முடிந்து பள்ளியோடு ஒரு நம்பிக்கை வந்த பிறகு, எல்லா ஆசிரியர்களிடமும் அரை மணி நேரம் பேச அனுமதி கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையை எடுத்துக்காட்டாகப் பேசாதீர்கள், பெயர் சொல்லாமலும்கூட. ஒரு பள்ளியில் யாரைச் சொல்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தத்துக்கும் வளர்ப்புக்கும் உள்ள வேறுபாடு, தெளிவில்லாத இழப்பு, 'வெளியே நில்' என்பதன் எடை, பாடத்திலுள்ள முட்கள்: இந்த நான்கும் போதும். பிறகு அவர்களிடம் பாடப்புத்தகங்களைக் கொடுத்து, முட்களை அவர்களையே தேடச் சொல்லுங்கள். அவர்களே கண்டுபிடித்ததை அவர்கள் மறப்பதில்லை. வளர்ப்புப் பராமரிப்பில் வளர்ந்து பெரியவரான ஒருவர் பேச முன்வந்தால், உங்கள் நேரம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள். இப்போது படிக்கும் மாணவரை மட்டும் ஒருபோதும் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

போகும் நாள்

இதற்கு யாரும் தயாராவதில்லை. குழந்தை பெற்றோரிடம் திரும்புகிறது அல்லது வேறு வீட்டுக்கு மாறுகிறது என்ற செய்தி சில சமயம் வெள்ளிக்கிழமை மாலை வரும். திங்களன்று பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும். தோழர்களுக்கு ஒன்றும் தெரியாது. போன பிள்ளைக்கும் விடைபெறாமல் வந்த இடங்களின் பட்டியலில் இன்னொன்று சேரும். எனவே சேரும்போதே பொறுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்: முடிந்தால் ஒரு நாளாவது, முடியாவிட்டால் கடைசி பாடவேளையாவது விடைபெறக் கொடுங்கள். வகுப்பில் எல்லாரும் ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். சேருமிடத்தின் பெயர் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

அன்றைக்கே பள்ளியிலிருந்து வாங்கிக்கொண்டு வர வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், விடுபட்ட பாடங்களின் குறிப்பு, எழுதி முடித்த நோட்டுகள், எழுதி முடிக்காத நோட்டுகள், சுவரில் ஒட்டியிருக்கும் அதன் படங்கள். படங்களைக் கிழியாமல் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சேர்ந்து எழுதிய அந்த ஒரு பக்கத் தாளைக் குழந்தையோடு மறுபடி ஒருமுறை படித்து, இனிப் பொருந்தாத வரிகளை அதன் கையாலேயே அடிக்க விட்டு, புதிய பிரதியைப் பையின் முன் அறையில் வைத்து அனுப்புங்கள்.